இத்தாலியப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் வடிவழகை மதிப்பிடுவது எப்படி?

கண்ணைப் பழக்குவதற்கு வன்னியில் லம்போகினி தேவையில்லை. அயலில் 1958இல் அறிமுகமான ஒஸ்ரின் ஏ40 ஃபரினா ஒன்று இருந்தால், இத்தாலியின் பினின்ஃபரினா வடிவமைத்த அந்தச் சிறு காரிலிருந்தே தொடங்கலாம். மாலை வெயிலில் அதை முற்றத்தில் நிறுத்தி, சில்லின் உயரத்துக்குக் குந்தியிருந்து, முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஒளி எங்கே உடைகிறது, எங்கே தடையின்றி ஓடுகிறது என்று பாருங்கள். இரணைமடுக் குளத்தில் வெயில் சரிவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கடினமன்று.

பின்னர், 1966இல் ஜெனீவாக் கண்காட்சியில் வெளிவந்த லம்போகினி மியூராவின் பக்கவாட்டுப் படத்தை எடுத்து, சின்னத்தை விரலால் மறைத்துவிட்டு நோக்குங்கள். 12 சிலிண்டர் இயந்திரம் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக வைக்கப்பட்டதாலேயே அந்த உடல் அவ்வளவு கட்டாக அமைந்தது. பின்கண்ணாடிக்குரிய இடத்திலுள்ள கறுப்புத் தகடுகள் இயந்திரச் சூட்டையும் வெளியேற்றுகின்றன. முன்விளக்கைச் சுற்றிய இமைமயிர் போன்ற கீற்றுகளைச் சிலர் மிகை என்பர். அவை நீக்கப்பட்ட 1971ஆம் ஆண்டின் எஸ்வி வகை மியூரா எனக்கு வெறும் முகமாகவே படுகிறது.

இறுதியாக, லம்போகினியின் மற்றொரு காரான கவுன்டாக்கின் 1971ஆம் ஆண்டு முன்மாதிரியையும் 1980களின் இறக்கை பூட்டிய கவுன்டாக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் வடிவமைப்பாளர் மார்செல்லோ கந்தினி வரைந்த ஒற்றைக் கோடு, பின்னதில் ஒட்டுவேலைகளுக்குள் புதைந்துபோயிருக்கும்.