ஒரு எழுத்துதான் பாக்கின்னு நம்பாதீங்க: வேர்டில்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்க ஃபேமிலி குரூப்ல சித்தி பொண்ணு அவளோட வேர்டில் கட்டத்தைப் போட்டிருந்தா. (வேர்டில் தெரியாதவங்களுக்கு: ஒளிஞ்சிருக்கிற அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தையை ஆறு சான்ஸ்ல கண்டுபிடிக்கணும். எழுத்து சரியான இடத்துல இருந்தா பச்சை, வேற இடத்துல இருந்தா மஞ்சள், இல்லன்னா சாம்பல்.) மொத வரியை விட்டா மிச்சம் அஞ்சு வரியும் அச்சு எடுத்த மாதிரி, முன்னாடி ஒரு சாம்பல், பின்னாடி நாலு பச்சை. "ஒரு எழுத்துதாண்ணா பாக்கி, லக்கே இல்ல"ன்னு அழுற எமோஜி வேற. லக்காவது மண்ணாங்கட்டியாவது, 2022ல நான் பண்ண அதே கூத்தை அப்படியே திருப்பிப் பண்ணியிருக்கா. அந்தக் கடுப்புலதான் இதை எழுதுறேன்.

சாம்பல் ஆன எழுத்தைத் திரும்பப் போடாதீங்க, அவசரப்படாதீங்க, இதையெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. விளையாடுறவங்களுக்கே தெரியும்.

ஒரே எழுத்தை மாத்தி மாத்தி அடிக்கிறது

2022 பொங்கல் அன்னைக்கு ஆரம்பிச்சேன். ஒரு நாள் விடாம 56 நாள் ஜெயிச்சாச்சு, ஆபீஸ்ல ஒரே பெருமை. மார்ச் 11 அன்னைக்கு மொத வார்த்தை கிரேன். சி மஞ்சள், ஏ மஞ்சள். ரெண்டாவதா சட்டையில ஒட்டுப் போடுவோமே, அந்த பேட்ச். மொத எழுத்து மட்டும் சாம்பல், மிச்சம் நாலும் பச்சை. ரெண்டாவது சான்ஸ்லயே நாலு பச்சை! பக்கத்து சீட்ல இருந்தவர்கிட்ட ஃபோனைக் காட்டி "பாருங்க சார், இப்ப முடிச்சிடுறேன்"னு வேற சொல்லிட்டேன்.

அப்புறம் காலேஜ் பேட்ச் (தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒன்னுதான், என்ன பண்றது), இல்ல. முட்டை பொரியற ஹேட்ச், இல்ல. தாழ்ப்பாள் லேட்ச், இல்ல. கிரிக்கெட் மேட்ச், அதுவும் இல்ல. ஆறு சான்ஸும் காலி. விடை வாட்ச். கையில கட்டிக்கிட்டே விளையாடிட்டு இருந்திருக்கேன்.

அது ஏன் தோணலன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். நாம எழுத்தை வச்சு யோசிக்கிறதில்லங்க, சத்தத்தை வச்சு யோசிக்கிறோம். பேட்ச், லேட்ச், மேட்ச்னு வாய்க்குள்ள எதுகை மோனை ஓடிக்கிட்டே இருக்கு, வாட்ச் அந்த ராகத்துல சேராது, அதனால கண்ணுக்கு முன்னாடி இருந்தும் வரல. ஒரே மாதிரி முடியுற வார்த்தைக் கூட்டம் பலதுலயும் இப்படி ஒரு கள்ளன் இருப்பான். லைட், நைட், ஃபைட், ரைட்னு அடுக்குவோம், எட்டுன்னு அர்த்தம் வர்ற எயிட்டும் அதே நாலு எழுத்துலதான் முடியுதுன்னு மறந்துடுவோம். சவுண்ட், ரவுண்ட், பவுண்ட் வரிசையில காயம்னு அர்த்தம் வர்ற வூண்ட் இருக்கு. ராகத்தை நம்பாதீங்க, ஸ்பெல்லிங்கை பாருங்க.

சரி, அன்னைக்கு என்ன பண்ணியிருக்கணும்? நாலு பச்சை வந்ததும் கையைக் கட்டிக்கிட்டு எண்ணியிருக்கணும். கேட்ச் வராது, ஏன்னா கிரேன்ல சி மொத இடத்துல மஞ்சள் ஆயிடுச்சு. மிச்சம் அஞ்சு வார்த்தை, கையில நாலு சான்ஸ். கணக்கே இடிக்குதுல்ல? இந்த மாதிரி நேரத்துல பச்சையைக் கண்டுக்காம, ஜெயிக்கிறதுக்கில்லன்னு தெரிஞ்சே ஒரு வார்த்தையைப் பலி கொடுக்கணும். பழின்னு அர்த்தம் வர்ற பிளேம்னு அடிச்சிருந்தா காலேஜ் பேட்ச், லேட்ச், மேட்ச் மூணோட மொத எழுத்தும் ஒரே அடியில டெஸ்ட் ஆயிருக்கும். மூணுல ஒன்னு கலர் மாறினா அடுத்த அடியில முடிஞ்சது. மூணும் சாம்பல்னா ஹேட்ச், வாட்ச் ரெண்டே ரெண்டு, சான்ஸ் மூணு. எப்படிப் போட்டாலும் தோக்கவே முடியாது. ஒரு வார்த்தையை விட்டுக்கொடுக்க மனசு வராமதான் 56 நாளும் போச்சு.

இந்த எழுத்துல முடியுற அஞ்செழுத்து வார்த்தைகள்னு நெட்ல தேடினா லிஸ்ட் வந்து விழும். அதைப் பாக்குறது ஏமாத்துறதா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, ஆனா பாத்தா எண்ணுறதுக்குப் பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் ஒன்னொன்னா அடிக்கிறதுக்கு இல்ல. என் தங்கச்சி லிஸ்டைப் பாத்தும் தோத்திருக்கா, அதான் எனக்குத் தாங்கல.

அடியூ

தங்கச்சியோட மொத வார்த்தை எப்பவும் இதான், போயிட்டு வரேன்னு அர்த்தம். ஏ, ஈ, ஐ, யூ நாலு உயிரெழுத்தும் ஒரே அடியில முடிஞ்சிடுதாம். முடியும், ஆனா அதனால பெருசா ஒன்னும் ஆகாது. உள்ள ஐ இருக்குன்னு தெரிஞ்சு என்ன பண்றது, ஐ இருக்கிற இங்கிலீஷ் வார்த்தை கொஞ்சமா என்ன? வார்த்தையைச் சுருக்கிக் காட்டுறது ஆர், டீ, எல், எஸ், என் மாதிரி மெய்யெழுத்துங்கதான். ஸ்லேட், கிரேன் ரெண்டுல ஒன்னைப் பிடிச்சுக்கோங்க.

சாம்பல்னா இல்லவே இல்லன்னு நினைக்கிறது

விடை அபைட்னு வைங்க, லா அபைடிங்னு சொல்றோமே அது. நீங்க ஸ்பீட் அடிக்கிறீங்க. உங்ககிட்ட ரெண்டு ஈ, விடையில ஒன்னுதான். மொத ஈ மஞ்சள், ரெண்டாவது ஈ சாம்பல் ஆகும். ரெண்டாவது ஈ இல்லன்னுதான் அதுக்கு அர்த்தம். இதைப் பாத்து "ஆப்ல பக்"னு எனக்கு மெசேஜ் பண்ணவங்க மூணு பேர்.

எஸ் போட்டு பன்மை

விடையா வராது. இப்ப கேமை நடத்துற நியூயார்க் டைம்ஸ்காரங்க 2022 நவம்பர்லயே சொல்லிட்டாங்க.

ஸ்கூல்ல படிச்ச ஸ்பெல்லிங்

2022 பிப்ரவரியில ஹ்யூமர் விடையா வந்துச்சு, யூ ஒன்னே ஒன்னு. ஓ-வுக்கு அப்புறம் யூ போடலன்னா மார்க் குறைச்ச டீச்சர்கிட்ட படிச்ச நமக்கு அது ஆறு எழுத்து. பிரிட்டிஷ்காரங்களும் அன்னைக்குக் கொதிச்சாங்க. ஃபேவர், ஃபைபர் எல்லாமே அமெரிக்கா ஸ்டைல்தான்னு மனசுல வச்சுக்கோங்க.

டிக்ஷனரியைக் கொட்டுறது

இந்த கேமை உருவாக்கின ஜோஷ் வார்டில், தன்னோட பார்ட்னர் பலக் ஷாவுக்காகத்தான் இதைப் பண்ணார். இங்கிலீஷ்ல இருந்த சுமார் 12,000 அஞ்செழுத்து வார்த்தையில அவங்க தனக்குத் தெரிஞ்சதை மட்டும் பொறுக்கி சுமார் 2,500 ஆக்கினாங்க. நியூயார்க் டைம்ஸ் 2022 ஜனவரியில வாங்கினதுக்கு அப்புறமும் பெரும்பாலும் அந்த மாதிரி சாதாரண வார்த்தைங்கதான். அதனால ஸ்கிராபிள் லிஸ்ட்ல இருந்து யாரும் கேள்விப்படாததை எடுத்துட்டு வந்து அஞ்சாவது சான்ஸை வீணாக்காதீங்க. (2022 செப்டம்பர்ல பேரர்னு ஒன்னு வந்துச்சு, தோல் சீவுறது. அது கணக்குல சேராது, அது துரோகம்.)

ஒய் இருக்கிறதையே மறக்கிறது

ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஒன்னுமே இல்லாம ஒய்யை மட்டும் வச்சு ஓடுற வார்த்தைங்க இருக்கு: ஜிப்சி, கிரிப்ட், நிம்ஃப். போதும்.

ஹார்ட் மோட்

இதை ஆன் பண்ணிட்டா மேல சொன்ன பலி கொடுக்கிற வித்தை செல்லாது, கிடைச்ச பச்சையும் மஞ்சளும் ஒவ்வொரு அடியிலயும் இருந்தே ஆகணும். அதனால அதுல விளையாடுறவங்க ரெண்டாவது சான்ஸ்லயே பெரிய கூட்டத்துக்குள்ள தலையை விடக்கூடாது. இதை எழுதுறதுக்கு முன்னாடி தங்கச்சிக்கு ஃபோன் பண்ணி பிளேம் கதையை முழுசா சொன்னேன், எல்லாம் கேட்டுட்டு "ஆனா அண்ணா, நான் ஹார்ட் மோட்லதானே ஆடுறேன்"ங்கறா. ஆஃப் பண்ணுடின்னா, மானப் பிரச்சினையாம்.