ஆம்னியை விற்க மனமில்லாதவர்களுக்கு: சீட்டுக்கு அடியிலிருந்து பின் ஆக்ஸில் வரை

1984இல் 'மாருதி வேன்' என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. இன்றும் அதை வைத்திருப்பவரிடம் "கொடுக்கிற எண்ணம் இருக்கா?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மூன்றரை மீட்டர்கூட நீளமில்லாத வண்டியில் குடும்பமே ஏறிவிடும். பின் சீட்டைக் கழற்றினால் வாஷிங் மெஷினும் ஏறும். குறுகலான சந்திலும் தள்ளு கதவைத் திறந்து இறங்கலாம். 796 சிசி, மூன்று சிலிண்டர் எஃப்8பி இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரியாத மெக்கானிக்கும் அரிது.

ஆனால் இது சாதாரண கார் மாதிரி அமைந்த வண்டியல்ல. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். இழுப்பது பின் சக்கரம். நடுவே, இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் நீண்ட தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட். இதன் பெரும்பாலான வியாதிகள் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன. அதனால் பராமரிப்பையும் அதே வரிசையில் செய்வது நல்லது: முதலில் சூடு, அடுத்து பெட்ரோல், பிறகு பின்பக்கம்.

சூடு

பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருக்கும் இன்ஜின், சூட்டை வெளியே தள்ளச் சிரமப்படும். இன்ஜினின் மேல்மூடியான ஹெட் அலுமினியம். ஒரு தடவை நன்றாகச் சூடேறினாலே வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய்விடும். அதன் பிறகு கேஸ்கட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு. ஹெட்டை இறக்கினால், நேர் பட்டியை வைத்து ஃபீலர் கேஜால் வளைவைப் பார்த்து, தேவைப்பட்டால் லேத்தில் மட்டமாகச் சீவி (ஃபேஸிங்) எடுத்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

கூலன்ட் இடத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம்தான் இந்த இன்ஜின்களை அதிகம் கொன்றது. உப்பு படிந்து ரேடியேட்டர் குழல்கள் அடைபடும், அலுமினியமும் அரிக்கும். கலந்து வரும் கூலன்ட் வாங்கலாம். இல்லையென்றால் எத்திலீன் கிளைக்கால் அடர் கூலன்ட்டுடன் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி கலக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றுங்கள்.

நிரப்பும்போது காற்று அடைத்துக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து மெதுவாக ஊற்றி, மூடாமலே ஐடிலிங்கில் ஓட விடுங்கள். சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும், மட்டம் சட்டென்று இறங்கும். ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டால் குமிழ்கள் வரும். குமிழ் நிற்கும்வரை ஊற்றிவிட்டு மூடுங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு மட்டத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். எத்தனை தடவை செய்தாலும் குமிழ் நிற்கவில்லை என்றால் காற்று அல்ல, கேஸ்கட் வழியாக சிலிண்டரில் எரிந்த புகை தண்ணீருக்குள் வருகிறது.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. கேட்காதீர்கள். இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வராமலே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். சந்தேகம் வந்தால் கழற்றி வெந்நீரில் போட்டுப் பாருங்கள்: அதன் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்க வேண்டும். ஃபேன் ஓடவில்லையா? மோட்டாரை வாங்க ஓடாதீர்கள். ஃபேன் ஸ்விட்ச்சின் வயரைக் கழற்றி நேரடியாகச் சேர்த்துப் பாருங்கள். அப்போது ஓடினால் கெட்டது ஸ்விட்ச். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, அதன் பிறகுதான் மோட்டார்.

சீட்டைத் தூக்கும்போதெல்லாம் இன்ஜின் மூடியின் ஓர ரப்பரைக் கவனியுங்கள். அது கிழிந்திருந்தால் சூடு மட்டுமல்ல, புகையும் உள்ளே வரும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் ஒழுகினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்கும். சூடானதும் சத்தம் அடங்கலாம், கசிவு நிற்காது. இந்த வண்டியில் அது உங்கள் காலுக்கடியில் கசிகிறது. ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்க நேரும். ரப்பரும் கேஸ்கட்டும் பெரிய செலவில்லை. இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

பெட்ரோல்

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள ஆம்னிகளுக்கு இப்போது புதிய தலைவலி, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊறி உதிரும். கார்புரேட்டரின் ஊசி வால்வு முனையும் ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாஃப்ரமும் விறைக்கும். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் கசிந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை இருக்கும் ரப்பர் ஹோஸ்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள். மேலே 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்று அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள். எத்தனாலைத் தாங்கும் உள்பூச்சு அதில் இருக்கும். பழைய துண்டை மாதிரிக்குக் கொண்டுபோனால் விட்டம் தவறாது. கிளாம்ப்பும் புதிதாகப் போடுங்கள். கூடவே ஃபில்டர், கார்புரேட்டர் ரிப்பேர் கிட். பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தினால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, துருப்பிடிக்கும். நிறுத்துவதற்கு முன் டேங்கை நிரப்பிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

இன்னொரு பழைய புகார்: நீண்ட தூரம் ஓட்டி, டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. உள்ளே அடைபட்ட சூட்டில் கார்புரேட்டர் பெட்ரோல் ஆவியாகி உள்ளே நிறைந்திருக்கும். சோக் இழுக்காதீர்கள், பெடலைப் பம்ப் செய்யாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடியே கிராங்க் செய்யுங்கள். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பானும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எல்பிஜி கேஸில் ஓடும் ஆம்னி என்றால், ஆர்சியில் எரிபொருள் பதிவாகியிருக்க வேண்டும். டேங்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுக்க வேண்டும். சமையல் சிலிண்டரை மாட்டி ஓட்டுவது சட்டவிரோதம் மட்டுமல்ல, பயணிகளின் முதுகுக்குப் பின்னால் வெடிகுண்டு.

இன்ஜின் ஆயிலுக்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை: ஏறக்குறைய 3 லிட்டர், 5,000 கி.மீ.க்கு ஒருமுறை, ஃபில்டரோடு. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியை வாங்கியிருந்தால், கணக்குப் பார்க்காமல் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். மாருதி 800க்கும் இதே எஃப்8பி என்பதால் உள் பாகங்கள் எளிதில் கிடைக்கும். ஆனால் வெளியே மாட்டுகிற பாகங்களைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே வாங்குங்கள்.

பின்பக்கம்

கியர் போட்டுக் கிளம்பும்போது 'டங்' என்று ஒரு அடி விழுகிறதா? பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் மடங்கும் மூட்டான கிராஸ்தான். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஒரு கையால் ஷாஃப்ட்டையும் மறு கையால் அது பிணையும் தட்டான ஃபிளாஞ்ச்சையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். இரண்டுக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தாலோ, கிராஸின் கப் ஓரத்தில் செந்துருத் தூள் தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட்டிலும் ஃபிளாஞ்ச்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோடு பார்த்து மாட்டாவிட்டால், குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் அதிரும். பிறகு சக்கர பேலன்ஸிங்குக்குப் பணம் கொட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் மாறினால், பின் ஆக்ஸில் நடுவே டிஃபரென்ஷியலில் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன்–பினியன். வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். முதலாவதைக் கேட்டதும் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 தரத்தில் 90 நம்பர் ஆயில். நிரப்பும் துளையில் வழியும் மட்டம்தான் அளவு. கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4. அவசரத்தில் இரண்டுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். வடிக்கும் நட்டைத் திறப்பதற்கு முன் நிரப்பும் நட்டு கழலுகிறதா என்று சோதியுங்கள். ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு மேல் நட்டு வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பின் சக்கர ஆயில் சீல் மாற்றி மாற்றி ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்கள், ஆக்ஸில் உறையின் மேலே இருக்கும் சிறிய பிரீதரைப் பார்த்திருக்க மாட்டார்கள். சேறு அடைத்துக்கொண்டால், சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலை வெளியே விடும். அது பிரேக் ட்ரம்முக்குள் போய் ஷூவை நனைக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கும். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, வாயால் ஊதினால் காற்று போக வேண்டும். அதன் பிறகு சீல். ஆயிலில் ஊறிய ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவது ஏமாற்று வேலை. இரண்டு பக்கமும் புதியதாகப் போடுங்கள்.

கமான் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) பார்க்க வேண்டியது நடு போல்ட். அது உடைந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்து, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதும் வண்டி சாய்ந்து போகும். பட்டையின் முன்முனையைப் பிடித்திருக்கும் போல்ட்டிலிருந்து ஆக்ஸில் வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தால் தெரிந்துவிடும். பட்டை கட்டிய பிறகு 500 கி.மீ. ஓடியதும் யு-போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். லோடுக்காகக் கூடுதல் பட்டை போடுவது தினமும் லோடு அடிப்பவருக்குச் சரி. வீட்டு வண்டிக்குப் போட்டால் காலி வண்டியில் பின் சக்கரம் ரோட்டில் குதிக்கும், மழையில் அது ஆபத்து.

டயர் வாங்கும்போது ஒன்று: ஆம்னிக்கு வந்தது 145 ஆர்12 எல்டி. மாருதி 800இன் 145/70 ஆர்12 அதே ரிம்மில் உட்காரும், விலையும் குறைவு. ஆனால் விட்டம் சிறியது, லோடு தாங்கும் திறனும் குறைவு. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது எடை முன்னால் சேர்ந்து பின் சக்கரம் பிடிமானம் இழக்கும் வண்டி இது. அதனால் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் பின்னால் போடுங்கள்.

கதவும் துருவும்

தள்ளு கதவு இழுக்கக் கனமானால் உடனே கிரீஸ் அப்பாதீர்கள். மண்ணும் கிரீஸும் சேர்ந்து ரோலரை அரைத்துவிடும். கீழ் ரெயிலைப் பிரஷ்ஷால் கூட்டி, பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ரோலர்கள் விரலால் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். தேய்ந்ததை மாற்றிவிட்டு மிக மெல்லிய பூச்சு மட்டும் போதும். கதவின் பின் ஓரம் தொங்கி லாக் மோதினால், ரோலர் பிராக்கெட் திருகுகளைச் சற்றே தளர்த்தி, ஒருவர் கதவைத் தூக்கிப் பிடிக்க, லாக் நேராக நுழையும் உயரத்தில் இறுக்குங்கள்.

துரு முதலில் வருவது கீழ் ரெயில், சக்கர வளைவு, முன்பக்கத் தரைவிரிப்புக்கு அடியில். மழைக்காலம் முடிந்ததும் விரிப்பைத் தூக்கித் தரையைக் காய விடுங்கள். கதவடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள்.

15 வருடம் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25இல் ஆர்சி புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரலிலிருந்து இதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆனது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். ஆய்வுக்குப் போகும் முன் சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, பென்சில் அச்சு தெளிவாக விழுகிறதா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைக்கலாம். உப்புத்தாளால் தேய்த்தால் எண் மங்கிவிடும், அதற்கு ஆய்வாளரிடம் விளக்கம் சொல்லி மாளாது.