தள்ளும் மெஷினில் வெட்டிய புல்லைச் சிந்தாமல் பையில் பிடிக்க

முதல் இரண்டு வருடம் நான் புல் வெட்டிய ஒவ்வொரு முறையும் வாரியை எடுத்துக்கொண்டு மறுபடி தரை முழுக்கக் கூட்டியிருக்கிறேன். மெஷினின் பின்னால் பை தொங்கும், ஆனால் பாதிகூட நிறையாது. வெட்டிய புல் தரையில் கோடு கோடாகக் கிடக்கும். என்ஜினுக்கு வலு போதவில்லை என்றுதான் நம்பியிருந்தேன். பையில் சேறு பட்டுவிட்டதென்று ஒருநாள் அதைக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். மெஷினும் பழையதுதான், புல்லும் பழையதுதான், பை மட்டும் அன்று கழுத்து வரை நிறைந்தது.

காரணம் காற்று. பிளேடின் பின் ஓரத்தைப் பாருங்கள், மேல்நோக்கி வளைந்திருக்கும். சுற்றும்போது அந்த வளைவு விசிறி இறக்கை மாதிரி அடியிலிருந்து காற்றை மேலே இழுக்கிறது. படுத்த புல் நிமிர்வதும், வெட்டுப்பட்ட துண்டு பின்வாய் வழியாகப் பைக்குள் பறப்பதும் அந்தக் காற்றால்தான். உள்ளே வந்த காற்று பைத்துணியின் கண்கள் வழியாக வெளியே போயாக வேண்டும். கண்கள் தூசியில் அடைபட்டிருந்தால் காற்று உள்ளேயே முட்டி நிற்கும், அடுத்து வரும் புல் வாயிலேயே தங்கிவிடும்.

அதனால் முதலில் பையைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துணி வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெளியிலிருந்து உள்நோக்கிக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், சிக்கிய தூசி வந்த வழியே திரும்பிப் போகும். ஈரப் பையில் தூசி இன்னும் வேகமாக அப்பிக்கொள்ளும் என்பதால் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் பெட்டி வைத்த மெஷின் என்றால் அதன் காற்றுத் துளைகளைப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் மெஷினின் அடிப்பாகம். காய்ந்த புல் அங்கே கெட்டியாக ஒட்டியிருந்தால் காற்று சுழல இடமிருக்காது. சுரண்டுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள், பேட்டரி மெஷினில் பேட்டரியையே எடுத்துவிடுங்கள். பெட்ரோல் மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். அதே கையோடு பிளேடையும் கவனியுங்கள். வளைந்த ஓரம் மணலில் தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. முனை மழுங்கியிருந்தால் புல்லை வெட்டாமல் கிழிக்கும், இரண்டொரு நாளில் புல் நுனி பழுப்பாகும். ஏறத்தாழ 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை நான் சாணை பிடிக்கிறேன். சாணை பிடித்த பிறகு நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்ப்பேன், கனமான பக்கம் தாழும், அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன். திரும்பப் பூட்டும்போது வளைந்த ஓரம் மேலே, என்ஜின் பக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். தலைகீழாகப் பூட்டிய பிளேடு காற்றையே இழுக்காது.

சில மெஷின்களில் புல்லைப் பொடியாக்கித் தரையிலேயே உதிர்ப்பதற்காகப் பின்வாயில் ஓர் அடைப்பு செருகியிருக்கும். அதை எடுக்க மறந்துவிட்டுப் பையைக் குறை சொல்பவர்கள் உண்டு.

இனி புல். காலைப் பனி உலரும் வரை பொறுங்கள். ஈரப்புல் கட்டி கட்டியாகப் பின்வாயை அடைக்கும், பையும் தூக்க முடியாத கனம் ஆகிவிடும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். 9 செ.மீ. வளர்ந்திருந்தால் 6 செ.மீ.யில் நிறுத்துங்கள். வெகுநாள் விட்டுக் காடாகிவிட்டது என்றால் வெட்டும் உயரத்தைக் கூட்டி வைத்து ஒருமுறை, சில நாள் கழித்துக் குறைத்து ஒருமுறை.

தரையில் கல், குச்சி, கம்பி கிடந்தால் பொறுக்கிவிடுங்கள். தயவுசெய்து இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். 53 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் போகிறது. அதில் படும் கல் எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

என்ஜினை முழு வேகத்தில் வையுங்கள், வேகம் குறைந்தால் காற்றும் குறையும். நடையை மட்டும் மெதுவாக்குங்கள். முன்பு வெட்டிய தடத்தின் மேல் ஒரு கையகலம், 10 செ.மீ. அளவு, ஏறிப் போகட்டும். புல் அடர்த்தியான இடத்தில் பாதித் தடம் எடுத்தாலே போதும். சரிவில் ஏறி இறங்காமல் குறுக்காக நடங்கள். மெஷினை உங்கள் பக்கமாக இழுத்து வெட்டாதீர்கள், கால் வழுக்கினால் பிளேடுக்கு அடியில் போகும்.

பை முக்கால் நிறைந்ததும் கொட்டிவிடுவது நல்லது. பின்னால் நாலைந்து புல் உதிர ஆரம்பிப்பதுதான் முதல் அறிகுறி. என் தரையில் நான்கு நீளம் போனால் பை முக்கால் ஆகிவிடும். அதனால் நான்காவது நீளம் உரக்குவியல் பக்கம் முடிகிற மாதிரி தொடக்கத்திலேயே திசையைத் தீர்மானித்துவிடுவேன். நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க நடக்கும் வேலை மிச்சம்.

ஒவ்வொரு முறை கொட்டும்போதும் கைப்பிடி லீவரை விட்டு, பிளேடு முழுக்க நின்ற பிறகே பையைக் கழற்றுங்கள். பின்வாய் அடைத்திருந்தால் வயரைக் கழற்றிவிட்டுக் குச்சியால் குத்தி எடுங்கள், கையை விடாதீர்கள். பையை எடுத்ததும் பின்மூடி தானாகச் சட்டென்று மூட வேண்டும். அந்த ஸ்பிரிங் உடைந்திருந்தால் மாற்றும் வரை மெஷினை ஓட்டவே வேண்டாம்.

கொட்டிய புல்லை அப்படியே குவித்து வைத்தால் ஒரு நாளில் உள்ளே சூடேறும், மறுநாள் நாறும். பச்சைப் புல்லில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம், காற்றுக்கு இடமே இல்லை. ஒரு பங்கு புல்லுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை கலந்து கிளறிவிட்டால் நல்ல உரமாகும். செடிகளுக்கு அடியில் மூடாக்காகப் போடுவதென்றால் முதலில் உலர்த்தி, 2, 3 செ.மீ.க்கு மேல் போகாமல் பரப்புங்கள். களைக்கொல்லி அடித்த தரையின் புல்லை மட்டும் காய்கறிப் பாத்தி பக்கமே கொண்டுபோகாதீர்கள். குளோபைராலிட் போன்ற சில மருந்துகள் மக்கிய பிறகும் உரத்தில் தங்கி, தக்காளியையும் அவரையையும் சுருட்டிவிடும்.

எப்போதும் பையை மாட்ட வேண்டும் என்பதில்லை. வாரம் தவறாமல் வெட்டும் தரையில் பொடிப் புல்லை அங்கேயே விட்டால் மண்ணுக்குச் சத்தாகத் திரும்பும். புல் நீண்டுவிட்டபோது, களை விதை கட்டும்போது, புதிதாகப் புல் விதைக்கப்போகும்போது நான் பை மாட்டுகிறேன். இலை உதிரும் மாதத்தில் ஒரு வெட்டுக்கூட பை இல்லாமல் போக மாட்டேன். பச்சைப் புல்லும் நறுக்கிய காய்ந்த இலையும் பைக்குள்ளேயே கலந்து வரும், குவியலில் கொட்டினால் போதும், வேறு எதையும் தேடிக் கலக்க வேண்டியதில்லை.