ஆத்துவாய்ல பாய்ப்படகை நுழைக்கிறதுக்கு முன்னாடி ஏத்தம் வத்தம் பாத்துக்கோங்க

நம்ம பக்கம் ஏத்தம் வத்தம்லாம், அதாவது கடல் தண்ணி ஏறுறதும் வடியறதும், ஒரு விஷயமே இல்லப்பா, குஜராத்ல காம்பே வளைகுடா போனாதான் பத்து மீட்டர் ஏறி இறங்கும்னு சொல்லுவாங்க. உண்மைதான், நாகப்பட்டினத்துல அமாவாசைக்கே ஒரு மீட்டர் ஏறாது. ஆனா டெல்டால முக்கால்வாசி துறைமுகம் ஆத்துவாய்தான், நாகைல கடுவையாறு, காரைக்கால்ல அரசலாறு, பழையாறுன்னா கொள்ளிடம். எத்தனை தூர்வாரினாலும் மணல் திரும்ப வந்து வாய்ல திட்டு போட்டுடும், அந்த திட்டு மேல ஒரு மீட்டர் தண்ணி நிக்கிற நாள்ல அரை மீட்டர் ஏறுறது சின்ன விஷயமா?

அடிப்படை கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம், ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல ஆறு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, தினம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிக்கூட, ஏத்தமும் பெருசு வத்தமும் பெருசு, அஷ்டமி பக்கம் ரெண்டுமே மந்தம். காலண்டரே போதும்னு நிறுத்திடாதீங்க, சர்வே ஆஃப் இந்தியா வருஷா வருஷம் போடுற டைட் டேபிள்ல, அதாவது ஏத்த வத்த அட்டவணைல, மணியும் உயரமும் இருக்கு. ஆப்ல பாக்கிறவங்க அது இந்திய நேரமா கிரீன்விச் நேரமான்னு பாத்துக்கோங்க, அஞ்சரை மணி நேரம் தப்பாச்சுன்னா ஏத்தம்னு நினைச்சு வத்தத்துல போய் நிப்பீங்க.

இப்ப கணக்கு. சார்ட்ல, அதாவது கடல் வரைபடத்துல, போட்டிருக்கிற ஆழத்தோட டேபிள்ல இருக்கிற உயரத்தை கூட்டணும், அவ்ளோதான். சும்மா உதாரணத்துக்கு, திட்டுல சார்ட் ஆழம் 0.8 மீட்டர், உங்க படகு தண்ணிக்குள்ள 0.9 இறங்கி நிக்குது, காலைல 6 மணிக்கு வத்தம் 0.2, பன்னெண்டு சொச்சத்துக்கு ஏத்தம் 0.7ன்னு வைங்க. ஆறு மணிக்கு மொத்தம் 1.0, கீலுக்கு (படகோட அடிக்கட்டைக்கு) அடியில பத்து சென்டிமீட்டர், ஒரு அலை இறங்கினா தட்டிடும். தண்ணி ஒரே சீரா ஏறாது, முதல் மணி நேரம் பன்னெண்டுல ஒரு பங்கு, அப்புறம் ரெண்டு, மூணு, மூணு, ரெண்டு, ஒண்ணு. அப்படின்னா பத்து மணிக்கு பன்னெண்டுல ஒம்பது பங்கு ஏறியாச்சு, ஆழம் 1.37 கிட்ட வரும். நான் நுழையறதுன்னா பத்துல இருந்து பதினொன்றைக்குள்ள, அதுக்கு காரணம் ஆழம் மட்டும் இல்ல, தெரியாம மணல்ல ஏறிட்டாலும் இன்னும் தண்ணி ஏறிட்டு இருக்கும், தானா மிதந்துடும். உச்சி ஏத்தத்துல போய் ஏறினீங்கன்னா அடுத்த ஏத்தம் வரைக்கும் சாய்ஞ்சு கிடக்க வேண்டியதுதான், பெரிய ஏத்தமா இருந்தா அடுத்ததுலயும் மிதக்கும்னு நிச்சயம் இல்ல. ஒரு தடவை அப்படி கிடந்திருக்கேன், கரையில நின்ன அண்ணன்மாருங்க அன்னைக்கு முழுக்க வேடிக்கை பாத்தாங்க.

திட்டு மாசத்துக்கு மாசம் இடம் மாறும், சார்ட் போட்ட நாள்ல இருந்த ஆழம் இன்னைக்கு இருக்கணும்னு இல்ல. அதனால வெளிய வர்ற ஃபைபர் போட்டுக்காரங்ககிட்ட "அண்ணே வாய்ல எத்தனை பாகம் இருக்கு, எந்தப் பக்கம் ஒட்டிப் போகலாம்"னு கேட்டுடுங்க (ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்ச நீளம்), அவங்க சொல்றதுதான் புதுசு.

ஆழத்தை விட நான் பயப்படுறது ஓட்டத்துக்கு. தண்ணி வடியும்போது ஆறு கடலைப் பாத்து ஓடுது, எதுத்தாப்ல கடல்காத்தும் அலையும் கரையைப் பாத்து வருது, ரெண்டும் திட்டு மேல மோதினா அலை குத்துக்குத்தா எழும்பி உடையும். கொடுமை என்னன்னா கடல் பக்கத்துல இருந்து பாத்தா அலையோட முதுகுதான் தெரியும், சாதுவா இருக்கிற மாதிரி இருக்கும், உள்ள போனப்புறம்தான் புரியும். அதனால வெளியவே நின்னு பத்து பதினஞ்சு நிமிஷம் பாருங்க. மூணு நாட் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகத்துல போற பாய்ப்படகுக்கு ரெண்டரை நாட் ஓட்டம் எதிர்ல வந்தா நீங்க நகர்றதே அரை நாட்தான், பின்னால அலை துரத்திட்டு வரும்போது அது போதாது.

இன்னொண்ணு, தண்ணி ஏற ஆரம்பிச்சதும் ஓட்டமும் உடனே உள்ள திரும்பிடாது, ஆத்துல கொஞ்ச நேரம் வெளியதான் போகும். இங்க நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு. மேட்டூர் நிரம்பி முக்கொம்புல இருந்து கொள்ளிடத்துக்கு உபரித்தண்ணி விட்டாங்கன்னா பழையாறு பக்கம் ஏத்த நேரத்துலயும் ஓட்டம் வெளிய பாத்தே இழுக்கலாம், டேபிள்ல அது இருக்காது. அதனால டைட் டேபிளோட அணை நியூஸும் பாக்கணும், விவசாயி மட்டும் பாக்கிற நியூஸ் இல்ல அது. ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்து, மழைவெள்ளம், பெரிய அலை மூணும் சேந்தா எந்த ஏத்தமும் உதவாது, கடல்லயே நில்லுங்க இல்ல வேற துறைமுகம் பாருங்க. கோடையில நேர் எதிர், ஆத்துல தண்ணி இல்லாம மணலை தள்ள ஆள் இல்ல, வாய் தூர்ந்துடும்.

நுழையும்போது இன்ஜின் இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைங்க, நங்கூரம் கைக்கு எட்டுற மாதிரி, லைஃப் ஜாக்கெட் உடம்புல. ஏத்தம் பின்னால தள்ளும்போது கரை வேகமா வரும், நீங்க மெதுவா போறதா நினைச்சிட்டு இருப்பீங்க. கட்டுற இடம் வந்ததும் படகை திருப்பி அணியம் (முன்பக்கம்) ஓட்டத்துக்கு எதிர்ல நிக்கிற மாதிரி வச்சு ஒதுங்குங்க, ஓட்டமே பிரேக் போட்டுடும். கட்டும்போது கயித்தை இறுக்கமா இழுத்துக் கட்டாதீங்க, ஏறி இறங்குற அரை மீட்டருக்கு தளர்வு விடணும்.

கோடியக்கரை தாண்டி பாக் ஜலசந்திக்குள்ள முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம்னு போறவங்க நாகை டேபிளை தூக்கிட்டு போகாதீங்க, அங்க நேரமும் வேற அளவும் வேற, அடியிலயும் சேறு.