பருத்திக்குப் போட்ட வரி பனியனில் வந்து நிற்கும்: வணிகக் கொள்கையைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை, இறக்குமதி வரி என்றதும் ஒரே கணக்குதான்: வெளியிலிருந்து வருவதைத் தடுத்தால் உள்ளூர்க்காரர் பிழைப்பார். செய்து முடித்த பொருளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். மூலப்பொருளுக்கும் அதே கணக்கைப் போடுவதுதான் அதிகச் சேதம் விளைவிக்கும் தவறு.

2021 பட்ஜெட்டில் இந்திய அரசு பருத்தி இறக்குமதிக்கு 11 சதவீத வரி விதித்தது. விவசாயிக்கு உதவுவது நோக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கப்பலேறும் முன் நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, தையல், செக்கிங் எனப் பல கை மாறுகிறது. முதல் கையில் ஏறிய விலை கடைசிக் கை வரை கூடவே போகும். வெளிநாட்டுப் பேல் (பஞ்சுப் பொதி) ஒன்றைக்கூட வாங்காத சிறிய மில்லும் இதில் தப்ப முடியாது. இறக்குமதிப் பருத்தி வரியோடு என்ன விலைக்கு வந்து இறங்குமோ, உள்ளூர் வியாபாரியும் அதை ஒட்டித்தான் விலை சொல்வார்.

"ஏற்றுமதிக்கென்றால் வரியில்லாமல் இறக்க வழி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. அதற்கு உரிமம், ஏற்றுமதிக் கடப்பாடு, கணக்கு வழக்கு எல்லாம் வேண்டும். இருபது தையல் இயந்திரங்களை வைத்து ஜாப் ஒர்க், அதாவது பிறர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்பவருக்கு அது எட்டாத கொம்பு. அவர் உள்ளூர்ச் சந்தையில் நூல் வாங்குகிறவர்.

பங்களாதேஷைப் பாருங்கள். அங்கே விளையும் பருத்தி மிகச் சொற்பம். தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறார்கள். ஆயத்த ஆடை ஏற்றுமதியிலோ நம்மைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறார்கள். இறக்குமதியைத் தோல்வியாகவும் ஏற்றுமதியை வெற்றியாகவும் எழுதுகிற கணக்குப் புத்தகத்தில் இந்த நாட்டை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அடுத்த தவறு, கொள்கையைக் குழாய் போலத் திறந்து மூடலாம் என்று நினைப்பது. 2022 ஏப்ரலில் பருத்தி வரி நீக்கப்பட்டது. அப்படியும் மே மாதம் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையைக் கண்டித்துத் திருப்பூரில் இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தினார்கள். உலகச் சந்தையிலேயே விலை உச்சத்தில் இருந்தது ஒரு காரணம். இன்று ஆர்டர் கொடுத்தாலும் பேல் தூத்துக்குடிக்கு வந்து சேர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும் என்பது இன்னொன்று. சலுகையோ அக்டோபர் இறுதியோடு முடிந்தது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் நீக்கினார்கள். முதலில் செப்டம்பர் வரை என்றார்கள், பிறகு டிசம்பர் வரை என்றார்கள். மில்காரர் எதை நம்பி ஆறு மாதத்துக்குச் சரக்கு பேசுவார்?

"எந்த நாட்டில் தயாரானது" என்ற முத்திரையை மட்டும் பார்த்து நாடுகளின் லாப நட்டத்தைச் சொல்வதும் தவறு. 2009-இல் ஓர் ஐபோனின் தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர் என்றும், சீனாவில் அதன் பாகங்களைப் பூட்டிய கூலி 6.50 டாலர் மட்டுமே என்றும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வர்த்தகப் புள்ளிவிவரத்திலோ முழுத் தொகையும் சீன ஏற்றுமதியாகவே பதிவானது.

கடைசியாக, வரியைக் கட்டுவது யார் என்பதில் உள்ள குழப்பம். 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, "இந்தியா கட்ட வேண்டும்" என்று பலர் எழுதினார்கள். அந்நாட்டுத் துறைமுகத்தில் பணம் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். அதனால் நமக்கு வலிக்காது என்று நினைத்தால் அது எதிர்ப்பக்கத் தவறு. அவர் வரியில் பாதியை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார், முடியாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டரை வியட்நாமுக்குக் கொடுப்பார். இங்கே தைத்து முடித்த சரக்கு குடோனில் கிடக்கும். நூல்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அப்படியே நிற்கும்.