குதிரையேற்றத் திடலின் மணல் தளத்தைப் பராமரிக்கும் முறை

திடலில் முதலில் கெடுவது வேலியோரத் தடம்தான். குதிரைகள் நாள்தோறும் அதே பாதையில் செல்வதால் மணல் இருபுறமும் ஒதுங்கி, நடுவே வாய்க்கால் போன்ற பள்ளம் விழுகிறது. அதைக் கவனியாமல் விட்டால் குளம்புகள் அடித்தளத்தைத் தாக்கி, அங்குள்ள கற்களை மேலே கிளப்பிவிடும். ஆகவே ஒதுங்கிய மணலை மண்வெட்டியால் இழுத்துப் பள்ளத்தை நிரப்பிய பிறகே பரம்படிக்க வேண்டும், அதாவது பற்கள் கொண்ட சமன்படுத்தும் கருவியான பரம்பை இழுத்து ஓட்ட வேண்டும்.

பரம்பின் பற்கள் மணலின் ஆழத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இறங்கட்டும், ஏனெனில் அடித்தளம் ஒருமுறை கீறப்பட்டால் அதைச் செப்பனிட மேலுள்ள மணலை அள்ள நேரிடும். ஒரு நாள் நீளவாக்கிலும் மறுநாள் குறுக்காகவும் ஓட்டினால் மணல் ஒரே பக்கம் குவியாது. அளவுகோலைப் பல இடங்களில் குத்தி ஆழத்தைப் பார்க்கவும். பொதுவான பயிற்சிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் தளர்ந்த மணல் கிடந்தால் குதிரையின் தசைநாண்களுக்குத்தான் கேடு.

என்னைக் கேட்டால், பரம்பைவிட ஈரமே முக்கியம். ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிக் கையைத் திறக்கும்போது உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்; நீர் கசிந்தால் ஈரம் மிகுதி, மணல் விரலிடுக்கில் வழிந்தால் குறைவு. வெயில் தாழ்ந்தபின் நீர் தெளித்தால் ஆவியாவது குறைந்து, ஈரம் அடிவரை இறங்கும்.

சாணத்தை உடனுக்குடன் அகற்றுங்கள். மிதிபட்டுப் பொடியானால் அது மணலோடு கலந்து, வெயிலில் தூசியாகவும் மழையில் வழுக்கலாகவும் மாறும்.