வால்வு ஆம்ப்ளிஃபையருக்குச் சோக் இன்புட் பவர் சப்ளை

பாட்டின் உரத்த இடங்களில் இஎல்84 என்ற அவுட்புட் வால்வு ஜோடி இழுக்கும் மின்னோட்டம் 80 மில்லிஆம்பியரிலிருந்து 114 வரை ஏறும். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரை அடுத்து நேரே கெபாசிட்டர் இருந்தால் அப்போது வோல்டேஜ் தொய்ந்துவிடும். முதலில் சோக்கை, அதாவது இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய கம்பிச் சுருளை, வைத்தால் பெரிதும் நிலைத்து நிற்கும். ஆனால் கிடைக்கும் வோல்டேஜ் குறைவு: டிரான்ஸ்பார்மரின் ஒரு பாதி தரும் ஏசி அளவில் 0.9 மடங்குதான். ஆகவே 350-0-350 (நடுமுனையின் இரு பக்கமும் 350 வோல்ட்) டிரான்ஸ்பார்மரிலிருந்து 315 வோல்ட் வரும். ஜிஇசட்34 ரெக்டிஃபையரிலும் சோக்கின் கம்பியிலும் இழப்பதைக் கழித்தால் ஏறத்தாழ 285 மிஞ்சும். இஎல்84க்கு அது பொருத்தம்.

சோக் தன் வேலையைச் செய்ய, அதன் வழியே மின்னோட்டம் ஒரு கணமும் அறாமல் ஓட வேண்டும். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், லோடின் (சப்ளையிலிருந்து மின்னோட்டம் இழுப்பவற்றின்) ஓம் அளவை 940ஆல் வகுத்தால் தேவையான குறைந்தபட்ச ஹென்றி, அதாவது சோக்கின் இண்டக்டன்ஸ் அளவு, கிடைக்கும். வால்வுகள் சூடேறும் முன் லோடு என்று எதுவும் இராது என்பதால், 10 கிலோ ஓம், 25 வாட் பிளீடர் (எப்போதும் சிறிது மின்னோட்டம் இழுத்துக்கொண்டிருக்கும் ரெசிஸ்டர்) ஒன்றை நிலையாக இணைத்து, சோக்கை 12 ஹென்றி, 150 மில்லிஆம்பியருக்குக் குறையாமல் செய்துகொள்ளலாம். பிளீடர் 8 வாட்டுக்கு மேல் சூடாக எரிப்பது வீண்தான். ஆனால் அது இல்லாவிட்டால் வோல்டேஜ் 495 வரை ஏறிவிடும்.

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கங்களில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்களிடமே சோக்கைச் சுற்றித் தரச் சொல்லலாம். ஒன்றை மட்டும் எழுதியே கொடுத்துவிட வேண்டும். டிரான்ஸ்பார்மருக்குச் செய்வதுபோல் ஸ்டாம்பிங்கை (இரும்புத் தகடுகளை) மாற்றி மாற்றி அடுக்கக் கூடாது. ‘ஈ’ வடிவத் தகடுகள் எல்லாம் ஒரு பக்கம், ‘ஐ’ தகடுகள் எல்லாம் மறு பக்கம், நடுவே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் லெதராய்டு காகிதம். எனக்கு முதலில் வந்த சோக்கில் பழக்கத் தோஷத்தால் மாற்றி அடுக்கியிருந்தார்கள். மீட்டரில் ஹென்றி தாராளமாகவே காட்டியது. டிசி ஓடியதும் இரும்பு காந்தத்தால் நிறைவுற்று, சோக் வெறும் கம்பியாகிவிட்டது. சோக்கின் குறுக்கே 100 ஹெர்ட்ஸில் 210 வோல்ட் உச்ச அளவு ஏசி நிற்பதால், தகடுகள் அதிராமலும், ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஏறாமலும் இருக்க வார்னிஷில் முக்கிச் சூளையில் உலர்த்தித் தரச் சொல்வது அவசியம். டியூப்லைட் சோக்கைப் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். அதன் ஹென்றி போதாது.

கெபாசிட்டருக்கும் பம்புசெட் கடையே போதும். 440 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட 36 மைக்ரோஃபாரட் ரன் கெபாசிட்டர், பிளீடர் அறுந்து 495 வோல்ட் ஏறினாலும் தாங்கும். ஸ்டார்ட் கெபாசிட்டர் இதற்கு உதவாது. எஞ்சும் ரிப்பிள் (டிசியோடு கலந்து நிற்கும் ஏசி) ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. புஷ்-புல் (இரு வால்வுகள் எதிரெதிராக இயங்கும்) ஆம்ப்ளிஃபையருக்கு இதுவே போதும், ஒற்றை வால்வு அவுட்புட் என்றால் இன்னொரு சோக்கும் கெபாசிட்டரும் வேண்டும். ஜிஇசட்34க்குப் பதில் சிலிக்கான் டையோடு போடுவோர் ஒவ்வொரு பக்கமும் இரண்டு 1என்4007ஐத் தொடராக வைக்க வேண்டும். பின்னோக்கு வோல்டேஜ் 990 ஆகும்போது ஒன்று மட்டும் விளிம்பில்தான் நிற்கும்.

ஃபியூஸும் சுவிட்சும் பிரைமரியிலேயே இருக்கட்டும். சோக்குக்குப் பின்னே மின்னோட்டத்தைத் திடீரென அறுத்தால் அது வோல்டேஜை எகிறச் செய்து இன்சுலேஷனைத் துளைக்கக்கூடும். சேசிஸை மூன்று பின் பிளக்கின் எர்த்தோடு இணைத்து, முதல் முறை 100 வாட் பல்பைச் சீரியஸில் வைத்து மின்சாரம் கொடுக்கவும். அணைத்த பிறகு பிளீடர் இரண்டு விநாடிகளில் கெபாசிட்டரைக் காலி செய்துவிடும் என்றாலும், மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

பல்பை எடுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரை இணைக்காமல் பிளீடரோடு மட்டும் அளந்தால் 305 வோல்ட்டையொட்டிக் காட்ட வேண்டும். 400ஐத் தாண்டினால் பிளீடர் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். அது சரியாக இருந்தால் சோக்கைக் கழற்றித் தகடுகளை அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்க்கவும்.